ஊதா விளக்கும் கஞ்சாவின் வீரியமும்

விடிய நாலு மணிக்குக் கண் விழித்தபோது இரண்டு கண்ணுக்குள்ளும் மணலைப் போட்டுத் தேய்த்தது போல இருந்தது. குசினி விளக்கைப் போட்டேன், வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணீர் நிற்காமல் ஓடியது. முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வந்து படுக்கும்போது ஒரு குறையும் இருக்கவில்லை.

காலையில் பார்த்த வைத்தியர் முதலில் கேட்டது, வெல்டிங் வேலை செய்கிறீர்களா என்று. இல்லை, கஞ்சா வளர்க்கும் இடத்தில் நிலத்தில் விழும் இலை குப்பை கூட்டுகிறேன் என்றேன். அங்கே என்ன விளக்கு போடுகிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி போடாமல் வெல்டிங் பார்த்தவர்களுக்கு வருகிற அதே கருவிழி எரிவுதான் இது, இரண்டு நாளில் மாறிவிடும், இனி அந்த அறைக்குள் வெறும் கண்ணோடு போகாதீர்கள் என்று சொல்லி மருந்து தந்தார்.

கனடாவில் கஞ்சா 2018 ஒக்டோபர் 17 முதல் சட்டபூர்வமானது. ஒன்ராறியோவில் அனுமதி பெற்ற பெரிய வளர்ப்பிடங்கள் இருக்கின்றன. நான் ஏஜென்சி மூலம் போன இடம் அப்படியானது. பெயர் இங்கே தேவையில்லை. அன்று ஓர் அறையில் வழமையான விளக்குகளோடு ஊதாக்கடந்த கதிர்க் குழாய்களும் எரிந்துகொண்டிருந்தன. பூ பழுக்கும் கடைசி வாரங்களில் அவற்றைப் போட்டால் சரக்கின் வீரியம் ஏறும் என்ற நம்பிக்கையில் பூட்டியிருந்தார்கள். நான் அதற்குள் நின்றது அரை மணித்தியாலம் வரும். யூவி கண்ணுக்குத் தெரியாது என்பதால் கண் கூசவில்லை, இமை தானாக மூடவும் இல்லை. நோவு ஆறு, ஏழு மணித்தியாலம் கழித்துத்தான் வந்தது.

கண் மாறிய பிறகு, அந்த விளக்கு உண்மையில் என்னதான் செய்கிறது என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து கிளிநொச்சியில் இருக்கும் மருமகன் ஒரு காணொளியை அனுப்பிவைத்தான். அறை முழுக்க ஊதா வெளிச்சம், நடுவில் கஞ்சாச் செடிகள். "மாமா, இந்த ஊதா லைற் போட்டா வீரியம் இரண்டு மடங்காம், உண்மையோ?" அவனுக்கு எழுதிய பதிலின் விரிவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயரில் உள்ள மயக்கம். அந்தக் காணொளியில் தெரிந்த ஊதா வேறு, ஊதாக்கடந்த கதிர் வேறு. சிவப்பு எல்.ஈ.டியும் நீல எல்.ஈ.டியும் சேர்ந்து எரிந்தால் அறை ஊதாவாகத் தெரியும், அவ்வளவுதான். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் நன்றாக உறிஞ்சும் என்பதால் தொடக்கத்தில் அப்படியான விளக்குகளைச் செய்தார்கள். இப்போது வெள்ளை எல்.ஈ.டிகள்தான் கூட. கண்ணுக்குத் தெரியும் ஒளி 400 முதல் 700 நனோமீற்றர் வரை. அதற்குக் கீழே 315 வரை யூவி ஏ, 315 இலிருந்து 280 வரை யூவி பி. வீரியக் கதையெல்லாம் இந்த யூவி பியைப் பற்றியது. நம் தோலைக் கருக்குவதும் என் கண்ணைச் சுட்டதும் அதுவே.

அந்தக் கதைக்கு ஓர் அடி உண்டு. கஞ்சாவின் பெண் பூவில் காளான் வடிவில் நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. போதை தரும் ரி.எச்.சி, அதன் அமில வடிவில் அங்கேதான் சேர்கிறது. பற்றவைக்கும்போது வெப்பத்தில் ரி.எச்.சியாக மாறுகிறது. இந்தச் சேர்வை யூவி பியை உறிஞ்சக்கூடியது. அப்படியானால் செடி தன்னை வெயிலிலிருந்து காக்கத்தான் இதைச் செய்கிறதோ என்ற கருத்தை 1983 இல் பேற் என்ற ஆய்வாளர் எழுதினார். 1987 இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் லைடன், தெராமுரா, கொஃப்மன் ஆகிய மூவரும் அதைச் சோதித்தார்கள். பச்சை வீட்டில் போதை வகைச் செடிகளுக்கும் நார் வகைச் செடிகளுக்கும் 40 நாள் யூவி பி கொடுத்தார்கள். போதை வகையில் மட்டும் ரி.எச்.சி கூடியது. பூவில் கூடியது கால் பங்குக்குச் சற்று மேல்.

அது ஒழுங்கான ஆய்வு, அதில் பிழை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காலத்துச் செடியின் பூவில் இருந்த ரி.எச்.சி சில வீதம்தான். அதில் கால் பங்கு கூடினாலும் ஒரு வீதத்துக்கும் குறைவான வித்தியாசமே. இன்று கடையில் விற்கும் இனங்களில் 20 வீதத்துக்கு மேல் இருப்பது சாதாரணம். வர்க்கத் தேர்வினாலும் கலப்பினாலும் பல தலைமுறையாக ஏற்றிய வீரியம் அது. 20 வீதம் உள்ள செடியும் இதே யூவியில் அதே அளவு ஏறுமா? அதைப் பார்க்காமலேயே பல வருடம் விளக்கு விற்றார்கள்.

2021 இல் ஒன்ராறியோவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் யூபின் ஜெங்கின் குழு அதைப் பார்த்தது. இன்றைய இரண்டு இனங்களுக்கு, நாளுக்கு மூன்றரை மணித்தியாலமாக, மிகக் குறைவிலிருந்து கூடிய அளவு வரை யூவி பி கொடுத்தார்கள். இலைகள் சிறுத்துச் சுருண்டன. பூவின் சூலகமுடிகள் காலத்துக்கு முன்னரே பழுப்பாகின. ஓர் இனத்தில் யூவி ஏற ஏற விளைச்சல் இறங்கியது. ரி.எச்.சி இரண்டு இனத்திலும் கூடவில்லை. அதில் பாவித்த யூவியின் அலைநீளம் சூரியனிலிருந்து நிலத்துக்கு வருவதை விடக் குறுகியது, ஆகவே கடுமையானது என்று ஒருவர் வாதிடலாம், நியாயமான வாதம். ஆனால் அதே குழு 2022 இல் யூவி ஏயையும் சேர்த்து வேறு விளக்குகளோடு செய்து பார்த்தபோதும் விளைச்சலிலோ வீரியத்திலோ மாற்றம் இல்லை.

விளைச்சலை உண்மையில் கூட்டுவது வெளிச்சத்தின் அளவு. அதே பல்கலைக்கழகத்தின் இன்னோர் ஆய்வில், ஒரு சதுர மீற்றருக்கு ஒரு செக்கனில் 120 மைக்ரோமோல் ஒளித்துகள் விழும் மங்கல் வெளிச்சத்திலிருந்து 1800 வரை வைத்துப் பார்த்தார்கள். உச்சி வெயில் ஏறத்தாழ 2000 வரும். பூவின் விளைச்சல் நேர்கோட்டில் ஏறி நாலரை மடங்கானது. வீரியமோ இருந்த இடத்திலேயே நின்றது. நாலரை மடங்கு பூ, ஆனால் ஒரு கிராமில் இருக்கும் ரி.எச்.சி அதே அளவு.

நிறத்தின் பங்கு சிறிது. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பக்பியின் குழு 2021 இல் காட்டியது இது: ஒளியில் நீலத்தின் பங்கு 4 வீதத்திலிருந்து 20 வீதமாகக் கூடியபோது விளைச்சல் ஏறத்தாழ 12 வீதம் குறைந்தது, வீரியம் மாறவில்லை. நீலம் கூடினால் இலை சிறுக்கும், சிறிய இலை குறைந்த ஒளியையே பிடிக்கும். 2018 இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் மட்டும் பழைய சோடிய விளக்கை விட எல்.ஈ.டியின் கீழ் வீரியம் கூடியிருந்தது. ஆனால் பூவின் எடை சோடிய விளக்கில்தான் கூட. ஆகவே நிறத்தால் ஒன்றுமே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு மடங்கு என்பது மட்டும் எங்கும் இல்லை.

காரணம் செடியின் பரம்பரையலகில் இருக்கிறது. ரி.எச்.சிக்கும் சி.பி.டிக்கும் தாய்ச் சேர்வை ஒன்றுதான். அதை எதுவாக மாற்றுவது என்பதை நொதியம் தீர்மானிக்கிறது, எந்த நொதியம் இருக்கும் என்பதைப் பரம்பரையலகு தீர்மானிக்கிறது. விதையில் இல்லாததை விளக்கு கொண்டுவந்து வைக்காது.

எங்கள் வீட்டில் ஒரு காலம் புகையிலை வைத்தவர்கள். கன்றின் நுனியை முறித்துவிட்டால் இலையில் காரம் ஏறும் என்று அப்பு சொல்வார். அது உண்மை. நுனியை வெட்டினால் நிக்கொட்டீன் கூடுவதை விஞ்ஞானமும் ஒப்புக்கொள்கிறது. செடியை வருத்தினால் சரக்கில் காரம் ஏறும் என்ற எண்ணம் எங்கள் கைப்பழக்கத்திலேயே இருக்கிறது. யூவி கதையை மருமகன் உடனே நம்பியதற்கும், வாசிக்கும் வரை நானும் அதைச் சந்தேகிக்காததற்கும் அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். புகையிலைக்குச் சரியானது கஞ்சாவுக்கும் சரியாக இருக்கவேண்டும் என்றில்லை.

அப்படியானால் விளக்கு ஏன் இன்னும் விற்கிறது? கனடாவில் பொதியின் மேல் ரி.எச்.சி அளவு அச்சிட்டிருக்கும். வாங்குபவர் பலர் முதலில் பார்ப்பது அந்த இலக்கத்தைத்தான். இலக்கம் குறைந்தால் சரக்கு தேங்கும். அரை வீதம் கூடினாலும் பரவாயில்லை என்று நிற்கும் முதலாளியிடம் விளக்கு விற்பது கடினமில்லை. மின்சாரச் செலவு தனி. அமெரிக்காவில் உள்ளறைக் கஞ்சா வளர்ப்பு நாட்டின் மொத்த மின்சாரத்தில் 1 வீதத்தை எடுக்கிறது என்று 2012 இல் எவன் மில்ஸ் என்ற ஆய்வாளர் கணக்கிட்டார். விளக்கோடு குளிரூட்டியும் ஈரப்பதன் இறக்கும் இயந்திரமும் சேர்ந்த கணக்கு அது.

அந்த இலக்கம் ஏறுவது நல்லதுதானா என்பது வேறு கேள்வி. 2019 இல் லான்செட் மனநோயியல் சஞ்சிகையில் ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில் நடந்த ஆய்வு வெளியானது. 10 வீதம் அல்லது அதற்கு மேல் ரி.எச்.சி உள்ள கஞ்சாவைத் தினமும் பாவிப்பவர்களுக்கு, ஒருபோதும் பாவிக்காதவர்களோடு ஒப்பிட்டால், மனப்பிறழ்வு நோய் வரும் சாத்தியம் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அது கண்டது. இறுதி யுத்தத்தைக் கண்டு வந்தவர்களில், இரவில் நித்திரை வரவில்லை என்று இதைத் தொட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் கடையில் கேட்பதும் ஆகக் கூடிய இலக்கத்தைத்தான். அது நித்திரை மருந்தின் பலத்தைக் காட்டும் இலக்கம் அல்ல.

மருமகன் கேட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2025 இல் இலங்கை அரசு கஞ்சா வளர்க்க அனுமதி கொடுத்தது என்று செய்தி வந்ததே, நாங்களும் இரண்டு அறையில் தொடங்கினால் என்ன என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த அனுமதி வெளிநாட்டு முதலீட்டாளருக்கு, மீரிகமவில், ஏற்றுமதிக்கு மட்டும். ஊரில் சாதாரண ஒருவர் வளர்த்தால் அது நேற்றுப் போல இன்றும் குற்றம்தான். பாக்கு நீரிணையால் வரும் கேரள கஞ்சாவால் பொடியள் படும் பாடு அவனுக்கு என்னை விடத் தெரியும். அதோடு, வருடம் முழுக்கப் பகலும் இரவும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலமாக இருக்கும் நாட்டில், வெயிலும் யூவியும் சும்மா கொட்டும் இடத்தில், கதவைப் பூட்டி விளக்குப் போடச் சொல்பவர் விளக்கு விற்பவராகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினேன். "சரி மாமா" என்று மட்டும் பதில் வந்தது.

இங்கே புதிதாக வந்து ஏஜென்சி மூலம் இப்படியான இடங்களுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அறைக்குள் போகமுன் யூவி விளக்கு இருக்கிறதா, எந்த நேரம் எரியும், கதவைத் திறந்தால் தானாக அணையுமா என்று கேளுங்கள். பொலிகாபனேற் முகமறைப்பு யூவி பியைத் தடுக்கும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் வேண்டும். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை ஒன்ராறியோவின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, ஏஜென்சி ஆட்களுக்கும் அது பொருந்தும். எனக்கு அது தெரிந்தது கண் எரிந்த பிறகு. அடுத்த கிழமை மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அந்தக் குழாய்கள் எரியும் நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினார். ஆங்கிலத்தில்தான். அன்று என்னோடு கூட்ட வந்த அக்காவுக்கு அதை நான் வாசித்துச் சொன்னேன்.