தொடைக்குப் பலம் திரும்ப வேண்டும்: முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் பெண்கள் கவனிக்க வேண்டியவை

முழங்காலில் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. தையல் பிரித்தாயிற்று, காயமும் ஆறிவிட்டது. ஆனாலும் படி இறங்கும்போது கால் மடங்கப் பார்க்கிறது. பாயிலிருந்து கையூன்றாமல் எழும்ப முடியவில்லை. சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டதோ என்று பல பெண்கள் பயப்படுகிறார்கள். அநேகமான வேளைகளில் குறை மூட்டில் இல்லை, தொடையில் இருக்கிறது.

முழங்காலின் எலும்புகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பவை லிகமன்ட் எனப்படும் இணைப்பு நார்கள். வயல் வரம்பில் வழுக்கி விழுந்தாலும், மோட்டார் சைக்கிள் விபத்திலும், பாடசாலையில் வலைப்பந்து விளையாடும்போது துள்ளிக் கால் பிசகி இறங்கினாலும் இவை அறுந்துபோகலாம். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் அதிகம் ஏற்படுகிறது.

தொடை ஏன் மெலிகிறது?

முழங்காலை நீட்டுவதும் தாங்குவதும் தொடையின் முன்பக்கத்திலுள்ள பெரிய தசை. மூட்டு வீங்கியிருக்கும்போது நரம்புகள் அத்தசையைத் தாமாகவே அடக்கிவிடுகின்றன. நாம் இறுக்க நினைத்தாலும் தசை இறுகாது. இதனால் சில நாட்களிலேயே தொடை மெலியத் தொடங்குகிறது. இது உங்கள் சோம்பலால் வந்ததல்ல. ஆனால் படுத்திருந்தால் இது தீராது. முறையான பயிற்சியே மருந்து.

வீட்டு வேலை பயிற்சியாகாது

1990 ஆகஸ்டில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தோர் கொல்லப்பட்டனர். 2004 டிசம்பர் 26 கடற்கோள் கல்முனைக் கரையோரத்தில் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இரண்டையும் வாரிச் சென்றது. அதன் பின் வீட்டையும் உழைப்பையும் தனியே சுமந்த பெண்கள் இப்பகுதியில் ஏராளம். அப்படியான ஒருவருக்குப் பயிற்சிக்கென நேரம் ஒதுக்குவது ஆடம்பரமாகத் தோன்றலாம். “நாள் முழுக்க நின்று வேலை செய்கிறேனே, அது போதாதா?” என்று கேட்பார்கள்.

போதாது. நிற்கும்போதும் தண்ணீர் தூக்கும்போதும் உடல் நமக்குத் தெரியாமலே நல்ல காலில் சாய்ந்துகொள்கிறது. நல்ல கால் மேலும் பலமாகிறது, மற்றக் கால் அப்படியே கிடக்கிறது. வீட்டில் தையல் நாடா இருந்தால், முழங்கால் சில்லின் மேல் ஓரத்திலிருந்து 15 சென்றிமீற்றர் மேலே இரண்டு தொடைகளையும் சுற்றி அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரியும். மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

எந்த நார் திருத்தப்பட்டது, புதிய நாருக்கான இழை எங்கிருந்து எடுக்கப்பட்டது, மூட்டிலுள்ள சவ்வும் தைக்கப்பட்டதா என்பதைப் பொறுத்துக் கட்டுப்பாடுகள் மாறும். ஆகவே கீழுள்ளவற்றை உங்கள் வைத்தியரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டபின் தொடங்குங்கள்.

1. பாயில் காலை நீட்டி இருங்கள். முழங்காலின் பின்புறத்தைத் தரையோடு அமுக்கி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். பத்து முறை, நாளில் பல தடவை செய்யலாம்.

2. தொடை இறுகப் பழகியதும், காலை மடக்காமல் ஓர் அடி உயரத்துக்குத் தூக்கி மெல்ல இறக்குங்கள். தூக்கும்போது முழங்கால் மடங்கினால் முதற் பயிற்சிக்கே திரும்புங்கள்.

3. குதிக்காலைப் பாயில் இழுத்து, அனுமதித்த அளவுக்கு மட்டும் முழங்காலை மடக்குங்கள்.

4. ஊன்றுகோலின்றி நடக்க அனுமதி கிடைத்தபின், கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி மெதுவாக இருங்கள். இரண்டு காலிலும் பாரம் சமமாக இருக்கட்டும். பின்னர் தாழ்ந்த படியொன்றில் சத்திரசிகிச்சை செய்த காலை வைத்து ஏறிப் பழகலாம்.

இலேசான நோவு இருக்கலாம். மறுநாள் காலையில் முழங்கால் கூடுதலாக வீங்கியிருந்தால் பயிற்சியைக் குறையுங்கள், முற்றாக நிறுத்த வேண்டாம். சுகமாக இருக்கிறதென்று முழங்காலின் கீழ் தலையணை வைத்துப் படுக்காதீர்கள், கால் முழுதாக நீளாமற் போகும். குந்தியிருப்பதும் முழங்காலிட்டு இருப்பதும் அனுமதிக்குப் பின்னரே. அதுவரை மலசலகூடத்தில் கொமேட் கதிரையைப் பயன்படுத்தலாம். தொழுகையையும் பிரார்த்தனையையும் கதிரையில் இருந்தே செய்யலாம்.

தசை வளரப் புரதம் தேவை. முட்டை, நெத்தலி, பருப்பு, கௌபி, பயறு ஆகியவை போதும். எல்லோருக்கும் பரிமாறி முடித்து மிஞ்சியதை உண்ணும் வழக்கத்தை இக்காலத்திலாவது விடுங்கள்.

அவசரப்பட வேண்டாம்

புதிய நார் மூட்டோடு ஒன்றிப் பலம்பெறப் பல மாதங்கள் எடுக்கும். துள்ளிப் பாயும் விளையாட்டுக்கு ஒன்பது மாதத்துக்கு முன் திரும்புவோருக்கு மீண்டும் காயம் ஏற்படும் ஆபத்து அதிகம் என 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் அதே 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயத்துடன் தூக்குப்படுக்கையில் வெளியே கொண்டுசெல்லப்பட்டார். சத்திரசிகிச்சைக்கும் பயிற்சிக்கும் பின் 2018இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார்.

உதவி கேளுங்கள்

அரச வைத்தியசாலைகளில் பிசியோதெரபி இலவசம். வீரமுனைப் பெண்களுக்குச் சம்மாந்துறை ஆதார வைத்தியசாலை அருகிலேயே உள்ளது. கல்முனையில் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்கின்றன. எங்கே பிசியோதெரபி கிளினிக் எந்த நாளில் நடக்கிறதென்று முதலில் விசாரியுங்கள். அடிக்கடி போக வசதியில்லாவிட்டால், வீட்டில் செய்ய வேண்டியதை எழுதித் தரச் சொல்லுங்கள். பெண் ஒருவர் சிகிச்சையளிக்க வேண்டுமென்றோ, துணைக்கு ஒருவர் நிற்க வேண்டுமென்றோ கேட்கத் தயங்காதீர்கள்.

யுத்த காலத்துச் செல் துண்டு உடலில் இருக்குமானால், எம்ஆர்ஐ எடுக்குமுன் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரம் பலத்த காந்தம். சில உலோகங்களை இழுக்கும்.

கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும், காய்ச்சல் வந்தாலும், காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் வடிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: காலையும் மாலையும் கால் மணி நேரம் அவரை அடுப்படியிலிருந்து விடுவியுங்கள். குடும்பத்தைத் தாங்கும் கால் அது. அது பலமாக ஊன்றி நிற்பது எல்லோருக்கும் நன்மை.