நெல்லிவாசல்நாட்டுப் படங்களும் நகரத்துச் சுவரும்

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலை மீது இருக்கிறது நெல்லிவாசல்நாடு. அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவரின் கைபேசியில் இருந்த படங்களை ஒரு மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமைக் கதிர் அடிக்கும் களம், புளிய மரத்தின் உச்சிக் கிளையில் நிற்கும் சித்தப்பா, தேன் பிழியும் கைகள், அடுப்பு வெளிச்சத்தில் ஆயாவின் பாதி முகம். பாட்டியை அப்பகுதியில் ஆயா என்றுதான் அழைக்கிறார்கள். விலை குறைந்த கைபேசி. திரையின் ஓரத்தில் விரிசல். ஆனால், அந்த முகத்தை நகரத்திலிருந்து போகும் எந்த ஒளிப்படக்காரராலும் எடுத்திருக்க முடியாது. நாம் கேமராவை நீட்டினால் ஆயா கேமராவைப் பார்ப்பார். இந்தப் படத்தில் அவர் பேரனைப் பார்க்கிறார்.

சென்னையில் கலைக்கூடம் நடத்தும் நண்பரிடம் இதைச் சொன்னேன். “செல்போன் படத்தை மாட்டினால் கலைக்கூடம் என்று யார் மதிப்பார்கள்?” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்தக் கேள்விக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1888இல் கோடாக் நிறுவனம் யாரும் இயக்கக்கூடிய எளிய கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பொத்தானை அழுத்துவது கலையா என்று கேட்டார்கள். 1905இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் கலைக்கூடம் திறந்ததே, ஒளிப்படத்துக்கு ஓவியத்தின் பக்கத்தில் ஓர் இடம் பிடிப்பதற்காகத்தான். 1976இல் அந்நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்களை மாட்டியபோது விமர்சகர்கள் எள்ளி நகையாடினார்கள். வண்ணம் என்பது விளம்பரத்துக்கும் குடும்ப ஆல்பத்துக்கும் உரியது என்பது அன்றைய எண்ணம்.

கைபேசியின் முறை வர அதிக காலம் ஆகவில்லை. 2010 தொடக்கத்திலேயே கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஐபோன் படங்களுக்கென ஒரு காட்சி நடந்தது. ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைவீரர்களை ஐபோனில் எடுத்த ‘நியூயார்க் டைம்ஸ்’ ஒளிப்படக்காரர் டேமன் வின்டர், 2011இல் ஒரு பன்னாட்டுப் போட்டியில் மூன்றாம் பரிசு பெற்றபோது பெரிய சர்ச்சையே எழுந்தது. மறு ஆண்டு சாண்டி புயலின்போது பெஞ்சமின் லோவி ஐபோனில் எடுத்த கடலலை, ‘டைம்’ இதழின் அட்டைப் படமானது. சர்ச்சை அதோடு ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

ஆகவே, கருவியின் தகுதி பற்றிய கேள்வியில் நான் அதிக நேரம் நிற்க விரும்பவில்லை. ஆனால், கருவியின் குறைகளை மறைக்கவும் கூடாது. முழுச்சட்டகக் கேமராவின் உணரி 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. கைபேசியின் உணரியோ பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்தளவுதான். பெட்டியில் 50 மெகாபிக்சல் என்று அச்சிட்டிருந்தாலும், இத்தகைய கைபேசிகள் வழக்கமாக நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துச் சுமார் 12 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. அதாவது, 4,000 புள்ளி நீளம், 3,000 புள்ளி அகலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுக் கணக்கில் இது 13 அங்குல நீளத்துக்குப் போதும். ஐந்தடி தள்ளி நின்று பார்க்கும் சுவருக்கு 150 புள்ளியே தாராளம் என்பதால் 26 அங்குலம் வரை போகலாம். இடர் வேறிடத்தில் இருக்கிறது. அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளம் 1,600 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். நல்ல அச்சில் அது உள்ளங்கையளவுக்குத்தான் தேறும். சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் போய்ப் படம் அனுப்பும் ஊரிலிருந்து அசல் கோப்பு நகரத்துக்கு வந்துசேருவது எளிதல்ல.

இன்னொன்றும் உண்டு. இன்றைய கைபேசி, ஒரே அழுத்தலில் பல படங்களை எடுத்து ஒன்றாகக் கலக்கிறது. இருளை வெளுக்கிறது, இரைச்சலைத் துடைக்கிறது. ‘அழகு’ அமைப்பு இயங்கினால் தோலின் நிறத்தை வெளுத்துச் சுருக்கங்களை அழித்துவிடும். அந்த இளைஞர் அதை அணைத்துவைத்திருந்தார். காரணம் கேட்டேன். “ஆயா ஆயா மாதிரியே இல்ல சார்” என்றார். தேர்வாளர்கள் பலர் நீளமாகப் பேசும் கொள்கையை அவர் ஐந்து சொற்களில் முடித்துவிட்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது, படத்தின் கீழே ஒட்டப்படும் சிறு அட்டை. மலைவாழ் மக்கள் படங்களில் இடம்பெறுவது புதிதல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே.ரங்காச்சாரியுடன் சேர்ந்து, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். தலையின் நீளம், மூக்கின் அகலமெல்லாம் அளக்கப்பட்ட காலம் அது. அத்தொகுதிகளில் உள்ள மனிதர்களின் படங்கள் பெரும்பாலானவற்றின் கீழே ஆளின் பெயர் இல்லை; குலத்தின் பெயர்தான் இருக்கிறது. இன்றும் சுற்றுலாக் கையேட்டில் ‘ஜவ்வாது மலைப் பழங்குடிப் பெண்’ என்றே படம் வெளியாகிறது.

இதே மலைக்குத் தெற்கே உள்ள செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் ஏராளம். அவற்றுள் எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. வீரனோடு ஒரு நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது கள்ளரைக் கடித்தது என்று எழுத்தும் இருக்கிறது. 1,400 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை, அச்சு இயந்திரமும் கேமராவும் வந்த பிறகு மலைப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

கேமராவும் இம்மலைக்குப் புதிதல்ல. இதே தொடரில் உள்ள காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட வேணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் விண்மீன்களைப் படம்பிடித்துவருகிறது. மலையிலிருந்து வானத்தைப் படமெடுக்க ஏற்பாடு நடந்தபோது, மலையில் இருந்தவர்களில் மிகப் பலரிடம் தம் திருமணப் படம்கூட இருந்திருக்காது. கைபேசிதான் அவர்கள் கைக்கு வந்த முதல் கேமரா.

அதனால், இப்படங்களை மாட்ட முன்வரும் கலைக்கூடத்திடம் நான் எதிர்பார்ப்பது பாராட்டை அல்ல. எடுத்தவர் பெயரும் படத்தில் இருப்பவர் பெயரும் அட்டையில் வர வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிப்படத்தின் ஆக்கியோர் அதை எடுத்தவரே. கருவி எது, அதை விலைகொடுத்து வாங்கியவர் யார் என்று சட்டம் கேட்பதில்லை. ஒரே கைபேசி நான்கு பேரிடம் புழங்கும் வீட்டில் இது சிறு விஷயமல்ல. 2012 திருத்தத்துக்குப் பிறகு, அவ்வுரிமை ஆக்கியோரின் வாழ்நாள் முழுவதும், அதற்கு மேல் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. விற்றால் பங்கு எவ்வளவு என்பதை மாட்டுவதற்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். படத்தில் இருப்பவரின் சம்மதத்தையும் கேட்க வேண்டும். ஆயாவிடம் கேட்டபோது, “மெட்ராஸ்ல மாட்டி அவங்களுக்கு என்னாத்துக்கு? இங்க மாட்டு, நான் பாக்கறேன்” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு திட்டமே இருக்கிறது. 2016இல் தொடங்கிய சென்னை ஒளிப்பட ஈராண்டு விழா, படங்களைக் கலைக்கூடத்துக்கு வெளியே பொதுவெளிகளுக்குக் கொண்டுவந்தது. தூய்மைப் பணியாளர்களின் வாழ்வைப் பதிவுசெய்துவரும் ஒளிப்படக் கலைஞர் எம்.பழனிகுமார், எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேமராவைப் பழக்கி, அவர்களின் படங்களைக் காட்சிக்கு வைக்கிறார். மலையில் பள்ளிச் சுவரிலோ திருவிழா நாளில் கோயில் திடலிலோ முதல் காட்சி நடந்து, அங்கே வேண்டாம் எனப்பட்ட படங்கள் விலக்கப்பட்டு, மற்றவை சென்னைக்கு வரட்டும்.

நண்பர் இன்னும் முடிவு சொல்லவில்லை. பத்துப் படங்களை அனுப்பிப் பார்க்கட்டும் என்றார். இளைஞர் அசல் கோப்புகளை நினைவட்டையில் ஏற்றித் திருப்பத்தூர் வந்து கூரியரில் போட்டிருக்கிறார். கூடவே ஒரு நோட்டுத்தாள்: எந்தப் படத்தில் யார், எந்த ஊர், என்ன வேலை என்று வரிசையாக எழுதியிருக்கிறார். நான்காவது படத்துக்கு எதிரே மட்டும் தன் பெயரை அடித்துவிட்டு, தங்கையின் பெயரை எழுதியிருக்கிறார். அதை எடுத்தது அவளாம்.