பிலிப்பைன்ஸ் இல்லங்களின் மரவள்ளிப் பிபிங்கா

நாம் சர்க்கரைவள்ளி என்பதைப் பிலிப்பைன்ஸ் மக்கள் ‘கமோத்தே’ என்கின்றனர். மரவள்ளிக்கு அவர்கள் இட்ட பெயரோ ‘கமோத்தெங் காஹோய்’, அதாவது மரக் கமோத்தே. ஒருவரையொருவர் கேளாமலே இரு மொழியினரும் ஒரே விதமாகப் பெயர் சூட்டியிருப்பது நமக்கு வியப்பளிக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய இக்கிழங்கு, 1565 முதல் 1815 வரை அக்காப்புல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடிய காலத்தில் அத்தீவுகளை அடைந்தது.

டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைத் திருப்பலி முடிந்து வருவோர் கோவில் வாயிலில் வாங்கி உண்பது அரிசிமாப் பிபிங்கா. அதன் உறவான மரவள்ளிப் பிபிங்காவை வீட்டிலேயே எளிதாகச் செய்யலாம். ஆனால், இனிப்பைப் பற்றிப் பேசுமுன் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு.

பச்சை மரவள்ளியில் சயனைடு நஞ்சாக மாறும் பொருள் இருக்கிறது. கசப்புக் கிழங்கில் அது மிகுதி. சதையைவிடத் தோலில் மிகுதி. துருவும்போது நஞ்சு பிரிந்து வெளிவரும். அது நீரில் கரையும், வெப்பத்தில் ஆவியாகும். ஆகவே மேல்தோலையும் அதனடியிலுள்ள தடித்த தோலையும் முற்றிலும் நீக்கி, நடுநரம்பைக் களைந்து, துருவி, நீர் விட்டுத் துணியில் இருமுறை பிழிய வேண்டும். கசக்கும் கிழங்கை எறிந்துவிடுங்கள். பச்சை மாவைச் சுவை பார்க்கச் சிறுவர்க்குக் கொடுத்தலாகாது.

2005 மார்ச்சில் போஹோல் தீவின் மாபினி என்னும் ஊரில், மரவள்ளித் தின்பண்டம் உண்ட பள்ளிச் சிறார் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதலில் கிழங்கின்மீதே பழி விழுந்தது. பூச்சிமருந்து கலந்திருந்தமை ஆய்வில் பின்னரே தெரியவந்தது. அரிசிப் பானையருகே மருந்துப் பொட்டலம் வைக்கும் வழக்கத்தை நம் இல்லச் சந்திப்புகளிலும் கண்டிருக்கிறோம்.

பிழிந்த துருவல் ஒரு கிலோவுக்குக் கெட்டித் தேங்காய்ப்பால் இரண்டு தம்ளர், டப்பாப் பால் ஒன்று, முட்டை மூன்று, சர்க்கரை 100 கிராம், உருக்கிய வெண்ணெய் 50 கிராம் சேர்த்துக் கலக்க வேண்டும். டப்பாப் பாலில் கால் பங்கை மேற்பூச்சுக்கு ஒதுக்கிக்கொள்க. பிழிந்த நீரின் அடியில் தங்கும் வெண்மாவையும், மேல்நீரைக் கொட்டிவிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். அனலில் வாட்டிய வாழையிலையைத் தட்டில் விரித்து ஊற்றி, 180 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வேக விடுக. அடுப்புப் பெட்டி இல்லாதோர் அந்நாட்டுப் பழைய முறைப்படி மேலும் கீழும் தணலிட்டுச் சுடலாம். நடுவில் குத்திய ஈர்க்கு ஒட்டாது வந்தபின், அரைத் தம்ளர் தேங்காய்ப்பாலில் ஒதுக்கிய பாலும் ஒரு மஞ்சட்கருவும் அடித்து மேலே பூசி, பொன்னிறமாகும் வரை மீண்டும் வைக்கவும்.

முழுதும் ஆறிய பின்னரே அறுக்க வேண்டும். முதன்முறை நாம் பொறுமையிழந்து சூடாகவே கத்தியை வைத்தோம். பங்கு இல்லத்து விருந்தினர் அனைவரும் கரண்டியால் அள்ளித்தான் உண்டனர்.