ஆகாயப் படையின் முதல் இந்தியத் தலைவர்

போடிநாயக்கனூர் வாசிகள் 2018-ம் வருஷம் மார்ச்சு மாதத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீயில், மலையேறச் சென்றிருந்த இளைஞர்களும் பெண்களும் சிக்கிக்கொண்டனர், பலர் மாண்டனர். மீட்பு வேலையில் ஊராருடன் நமது விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் ஈடுபட்டன. ஏலத் தோட்டச் சரிவுகளில் ஆபத்து நேர்ந்தால் நமது விமானம் வரும், அது நம்மவர் உத்தரவின்பேரில் வரும் என்று இன்று இயல்பாக எதிர்பார்க்கிறோம். இந்நிலை தானாக வந்ததன்று. இதன் பின்னே சுப்ரதோ முகர்ஜி என்னும் வீரரின் நெடுங்கால உழைப்பு இருக்கிறது.

1911-ம் வருஷம் கல்கத்தாவில் பிறந்த முகர்ஜி, இங்கிலாந்திலுள்ள கிரான்வெல் விமானக் கல்லூரிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர்களில் ஒருவர். இந்தியர் விமானம் ஓட்டவும் படை நடத்தவும் வல்லவரா என்று அதிகார வர்க்கம் ஐயுற்ற காலம் அது. 1933-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி, கராச்சியில் நான்கே ‘வாப்பிட்டி’ விமானங்களுடன் இந்திய விமானப் படையின் முதல் அணி தோன்றியது. அவ்வருஷமே அவருடைய தோழர் இருவர் விபத்தில் மாண்டனர். முகர்ஜி சளைக்கவில்லை. 1939-ம் வருஷம் அந்த அணிக்கே தலைவரானார். விமான அணியொன்றுக்குத் தலைமை வகித்த முதல் இந்தியர் அவரே.

1940-ல் வசிரிஸ்தான் மலைப் பிரதேசத்தில் ஒரு சிறு காவற்படை முற்றுகையிடப்பட்டுத் தோட்டாவின்றித் தவித்தது. மேலே பறந்த முகர்ஜி, தம் விமானத்துத் துப்பாக்கியிலிருந்த தோட்டாக்களையே எடுத்து, காலுறைகளில் இட்டுக் கீழே வீசச் செய்தார். படையினர் பிழைத்தனர். அன்னியர் கொடியின் கீழ் ஆற்றிய பணிதான் அது. எனினும் அதில் பெற்ற அனுபவம் பின்னர் சுதந்திர இந்தியாவுக்கே மூலதனமாயிற்று.

1947-ல் நாடு துண்டாடப்பட்டபோது விமானப் படையும் பங்கிடப்பட்டது. அவ்வருஷம் அக்டோபரிலேயே காச்மீரத்துக்குத் துருப்புக்களை விமானமூலம் கொண்டு சேர்க்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது. தரைப் படைக்கு 1949-லேயே கரியப்பா தலைவரானார். விமானப் படைக்கோ எல்ம்ஹர்ஸ்ட், ஐவலா-சாப்மன், கிப்ஸ் என ஆங்கிலேயர் மூவர் அடுத்தடுத்துத் தலைமை வகித்தனர். முகர்ஜி துணைத் தலைவராயிருந்து நிர்வாகத்தைப் பழகினார். 1954-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி தலைமைப் பதவியை ஏற்றார். முதல் அணி தோன்றி அன்றோடு சரியாக 21 வருஷங்கள்! அவர் காலத்தில் ஹண்டர், கான்பெரா, நாட் முதலிய புதிய விமானங்கள் படையிற் சேர்ந்தன. 1960-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி, டோக்கியோ நகரில் உணவருந்துகையில் தொண்டை அடைத்து அவர் அகால மரணமடைந்தார். வயது 49.

பதவியைக் கேட்டுப் பெறலாம்; தகுதியை உழைத்தே பெறவேண்டும். தகுதியில் சிறிதும் ஐயத்துக்கு இடமில்லாதபடி செய்துகொண்ட பின்னரே முகர்ஜி அப்பதவியில் அமர்ந்தார். அவர் திறந்த வழியில், தமிழரான ஸ்ரீனிவாசபுரம் கிருஷ்ணசாமி 2001-ம் வருஷக் கடைசியில் அதே பீடத்தை அடைந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் பௌதிகமும் ரசாயனமும் பயின்றவர்களுக்குக் கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியின் விமானப்படைப் பிரிவுக்கான பரீட்சை எழுத வாய்ப்புண்டு; 2022 முதல் பெண்களும் அங்கே பயில்கின்றனர். போடி மலைச்சரிவிலுள்ள பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அந்த வழியை நாடினால் தடுக்க வேண்டாம்; அஞ்சாமல் அனுப்பி வையுங்கள்.