ஏழு பேரும் ஒரு ரிதம் பெட்டியும்

ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன், 1966-ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் உருவான இசைக்குழு. கறுப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் நின்று, யாரும் யாருக்கும் பின்பாட்டுக்காரராக இல்லாமல் பாடி வாசித்த பெரிய குழுக்களில் இது முன்னோடி. சோல் இசையை ராக்கோடு கலந்து, ஃபங்க் என்னும் தாள இசையை உலகெங்கும் கொண்டு சேர்த்ததில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. உச்சத்தில் இருந்த காலம் ஏழாண்டுகூட இல்லை. அதற்குள் ஊரையே கூட்டிவைத்துப் பாடும் இசையிலிருந்து, பூட்டிய அறைக்குள் ஒருவர் தனக்குத்தானே முனகிக்கொள்ளும் இசைவரை போய்ச் சேர்ந்தார்கள். இரண்டுமே மேலான இசை என்பதுதான் இந்த வரலாற்றின் வியப்பு.

கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு முறை, காதலையும் துயரத்தையும் பாடும் வெளியுலகப் பாட்டுக்கு வந்து சேர்ந்தபோது பிறந்தது சோல். ரே சார்ல்ஸ், சாம் குக் போன்றவர்கள் 1950-களில் அதற்கு வழி போட்டார்கள். 1960-களின் நடுவில் ஜேம்ஸ் பிரவுன் மெட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, தாளத்தை முன்னால் கொண்டுவந்தார். நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்றில் முதல் அடிக்கு அழுத்தம். கிட்டாரும் டிரம்பெட்டும் சாக்ஸபோனும்கூட மெட்டைச் சுமக்காமல் சின்னச் சின்ன வெட்டுகளாகத் தாளத்துக்குள் விழும். இதுதான் ஃபங்க். ஆனால் பிரவுனின் குழுவில் அதிகாரம் முழுக்க ஒருவர் கையில் இருந்தது. தவறாக வாசித்த கலைஞருக்கு அவர் அபராதம் போடுவார். ஃபேமிலி ஸ்டோன் அதே தாளத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஒற்றை அதிகாரத்தை விட்டுவிட்டது. குறைந்தபட்சம், தொடக்கத்தில்.

குழுவின் தலைவர் ஸ்லை ஸ்டோனின் இயற்பெயர் சில்வெஸ்டர் ஸ்டூவர்ட். 1943 மார்ச் 15 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் டென்டனில் பிறந்தார். குடும்பம் பிறகு கலிபோர்னியாவின் வலேஹோ நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. பெற்றோர் ஆழ்ந்த பக்தியுள்ளவர்கள். வீட்டிலும் தேவாலயத்திலும் பாட்டு ஓயாது. சில்வெஸ்டருக்கு ஒன்பது வயதிருக்கும்போது, 1952-இல், பிள்ளைகள் நால்வரும் சேர்ந்து ஸ்டூவர்ட் ஃபோர் என்ற பெயரில் ஒரு பக்திப் பாடல் தட்டைப் பதிவு செய்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் பல இனத்துப் பிள்ளைகள் கலந்த பாட்டுக் குழு ஒன்றில் அவர் பாடினார். கல்லூரியில் இசைக் கோட்பாட்டை முறையாகப் படித்தார். பின்னாளில் தாறுமாறான வாழ்க்கைக்குப் பேர்போன இந்த மனிதர், பல வாத்தியங்களை ஒன்றுசேர்த்து எழுதும் கலையைப் புத்தகமும் கையுமாகக் கற்றவர் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இருபது வயதைத் தாண்டியதுமே அவர் சான் பிரான்சிஸ்கோவின் ஆட்டம் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் தயாரிப்பாளரானார். 1964-இல் பாபி ஃப்ரீமன் பாடிய ‘கமான் அண்ட் ஸ்விம்’ அவர் தயாரிப்பில் நாட்டின் முதல் ஐந்து பாடல்களுக்குள் வந்தது. அதே நிறுவனத்துக்காக வெள்ளையர்களின் ராக் குழுக்களுக்கும் பாட்டு தயாரித்துக் கொடுத்தார். கறுப்பின நேயர்களுக்கான வானொலி நிலையங்களில் அறிவிப்பாளராக இருந்தபோது, சோல் பாடல்களுக்கு நடுவே பீட்டில்ஸையும் பாப் டிலனையும் போட்டார். கறுப்பருக்கு ஒன்று, வெள்ளையருக்கு ஒன்று என வானொலியும் இசைத்தட்டுக் கடைகளும் பிரிந்து கிடந்த காலம் அது. குழு தொடங்கும் முன்பே அந்த வேலியைத் தாண்டிப் பழகியவர் ஸ்லை.

1966-இல் ஸ்லை ஒரு குழுவும், தம்பி ஃபிரெடி இன்னொரு குழுவும் வைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பிறந்ததே ஃபேமிலி ஸ்டோன். ஆர்கனும் பாட்டும் ஸ்லை, கிட்டார் ஃபிரெடி, பேஸ் கிட்டார் லாரி கிரஹாம், டிரம்பெட் சின்தியா ராபின்சன், சாக்ஸபோன் ஜெரி மார்ட்டினி, டிரம்ஸ் கிரெக் எரிகோ. தங்கை ரோஸ் 1968-இல் கீபோர்டு வாசிக்கவும் பாடவும் வந்து சேர்ந்தார். மார்ட்டினியும் எரிகோவும் வெள்ளையர்கள். குழுவில் பெண் என்றால் முன்னால் நின்று பாடுபவர் என்றிருந்த காலத்தில், ஒரு கறுப்பினப் பெண் டிரம்பெட்டைக் கையில் பிடித்து நின்றது பார்த்தவர்களுக்குப் புதுமை. வெவ்வேறு இனத்தவர் மணம் செய்வதைத் தடுத்த மாநிலச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே 1967 ஜூன் மாதத்தில்தான். அதே ஆண்டு அக்டோபரில் இக்குழுவின் முதல் ஆல்பம் வெளியானது.

லாரி கிரஹாமைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர் தன் தாயுடன் விடுதிகளில் வாசித்துவந்தவர். கையில் கிட்டார், காலில் ஆர்கனின் பேஸ் கட்டைகள் என்று சமாளித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஆர்கன் பழுதானது. தற்காலிகமாக ஒரு பேஸ் கிட்டாரை வாடகைக்கு எடுத்தார். பிறகு டிரம்ஸ் வாசிப்பவரும் இல்லாமல் போகவே, அந்தக் குறையையும் பேஸ் கிட்டாரே ஈடுகட்ட வேண்டியதாயிற்று. பெரிய டிரம்மின் அடிக்குப் பதிலாகக் கட்டைவிரலால் கம்பியை ஓங்கித் தட்டினார். சிறிய டிரம்மின் சுளீர் ஓசைக்குப் பதிலாக மற்ற விரலால் கம்பியைச் சுண்டி இழுத்தார். மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் ஒரே கம்பிக் கருவியில் பேசுவது போன்ற அந்த ஓசையை இன்று உலகம் ஸ்லாப் பேஸ் என்கிறது. பின்னணியில் அமைதியாக இருந்துவந்த பேஸ் கிட்டார் பாட்டின் முன்வரிசைக்கு வந்தது இவரால்தான். ஆள் பற்றாக்குறையில் தொடங்கிய ஒரு ஏற்பாடு ஒரு கருவியின் வரலாற்றையே மாற்றியது.

முதல் ஆல்பம் ‘எ ஹோல் நியூ திங்’ இசைக்கலைஞர்களுக்குப் பிடித்தது, கடைகளில் விற்கவில்லை. எல்லோருக்கும் பிடிக்கும்படி எளிமையாக ஏதாவது செய்யுங்கள் என்று இசைத்தட்டு நிறுவனம் நெருக்கியது. அரைமனதோடு ஸ்லை எழுதிய பாட்டு ‘டான்ஸ் டு தி மியூசிக்’. 1968-இல் அது முதல் பத்துக்குள் நுழைந்தது. நெருக்கடியில் எழுதியதானாலும் குழுவின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாட்டு வேறில்லை. சின்தியா உரக்கக் கூவி ஆட்டத்துக்கு அழைக்கிறார். பிறகு டிரம்ஸ், கிட்டார், பேஸ், ஆர்கன், ஊதுகருவிகள் என ஒவ்வொன்றாக அறிமுகமாகி உள்ளே வருகின்றன. அடித்தொண்டையில் கிரஹாமும் அவருக்கு மேலே மற்றவர்களும் வரி மாற்றி வரி பாடுகிறார்கள். நாயகப் பாடகர் என்று யாரும் இல்லை. தேவாலயத்தில் போதகர் ஒரு வரி சொல்ல, சபையார் பதில் பாடும் முறை இதற்குள் அப்படியே இருக்கிறது; போதகர் மட்டும் நொடிக்கு நொடி மாறுகிறார். டெம்டேஷன்ஸ் குழு அதே ஆண்டில் ‘கிளவுட் நைன்’ பாட்டில் இதே பாணிக்கு மாறியது என்றால் தாக்கத்தின் வேகம் புரியும்.

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். நகரங்கள் எரிந்தன. அந்த ஆண்டின் இறுதியில் ‘எவ்ரிடே பீப்பிள்’ வந்தது. நிறத்தாலும் பழக்கத்தாலும் வேறுபட்டவர்கள் ஒன்றாக வாழத்தான் வேண்டும் என்பதைக் குழந்தைகள் விளையாட்டுப் பாட்டின் மெட்டில் அது சொன்னது. 1969 பிப்ரவரியில் நாட்டின் முதலிடத்தைப் பிடித்து நான்கு வாரம் அங்கேயே இருந்தது. இசையமைப்பில் ஒரு நுட்பம்: கிரஹாம் பாட்டு முழுவதும் ஒரே ஒரு சுரத்தை மட்டுமே வாசிக்கிறார். மேலே குரல்கள் மாறிக்கொண்டே இருக்க, அடியில் அந்த ஒரு சுரம் நகராமல் நிற்கிறது. சொல்லவந்த கருத்தை இசையே செய்துகாட்டுகிறது.

1969 மே மாதத்தில் வந்த ‘ஸ்டாண்ட்!’ ஆல்பம் அவர்களை உச்சிக்குக் கொண்டுபோனது. அந்தக் கோடையில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் நடந்த கலாசார விழாவில், கறுப்பினக் குழுவின் டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளையர் உட்கார்ந்திருந்ததைக் கூட்டம் வியந்து பார்த்தது. ஆகஸ்ட் 17 அதிகாலை, உட்ஸ்டாக் விழாவில், தூங்கி வழிந்த ஒரு பெருங்கூட்டத்தை எழுப்பி நிறுத்தி ஆடவைத்தார்கள். சுமார் 4 லட்சம் பேர் கூடிய விழா அது. அடுத்த ஆண்டு வந்த உட்ஸ்டாக் திரைப்படம் அந்த இரவை உலகம் முழுவதும் கொண்டுசென்றது.

சரிவும் அங்கிருந்தே தொடங்கியது. ஸ்லை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபோனார். கொக்கெய்னும் பிசிபி என்ற போதைப்பொருளும் குழுவுக்குள் புகுந்தன. புதுப்பாட்டு கேட்டு நிறுவனம் நெருக்கியது. வெள்ளையர்களை நீக்கிவிட்டுக் கறுப்பர்களை வை என்று பிளாக் பாந்தர் என்ற கறுப்பின இயக்கத்தினர் வற்புறுத்தினார்கள், ஸ்லை இணங்கவில்லை. கிரஹாமுக்கும் ஸ்டூவர்ட் சகோதரர்களுக்கும் இடையே பகை வளர்ந்தது. நிகழ்ச்சிக்குத் தாமதமாக வருவது, வராமலே போவது வழக்கமாயிற்று. 1970-இல் ஒப்புக்கொண்ட கச்சேரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நடக்கவில்லை. அந்த ஜூலையில் சிகாகோவில் இவர்கள் வாசிக்கவிருந்த இலவச நிகழ்ச்சியே கலவரமாக வெடித்தது. 1971-இல் எரிகோ விலகினார்.

டிரம்ஸ் வாசிப்பவர் போன இடத்தில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. ரிதம் கிங் என்ற தாளக் கருவி அது. வீட்டிலும் விடுதியிலும் தனியாக ஆர்கன் வாசிப்பவர்களுக்குத் துணையாகச் செய்யப்பட்டது. பொத்தானை அழுத்தினால் ஒரே தாளத்தைச் சலிக்காமல் தட்டும். இசைக்கலைஞர்கள் யாரும் அதை மதித்ததில்லை. ஸ்லை அதன் தாளங்களை இயல்பான இடத்திலிருந்து நகர்த்தி, மேலே தானே பெரும்பாலான கருவிகளை வாசித்தார். ஒரே ஒலிநாடாவில் திரும்பத் திரும்ப அழித்துப் பதிவு செய்ததில் நாடா தேய்ந்து, ஓசை மங்கிப் புகைபடிந்தது போலாயிற்று. 1971 நவம்பரில் வந்த ‘தேர்ஸ் எ ரயட் கோயின் ஆன்’ ஆல்பத்தின் தனித்தன்மை அந்த மங்கல்தான். முந்தைய பாட்டுகளில் எல்லோரும் சேர்ந்து கூவினார்கள். இதில் ஒரு தளர்ந்த குரல் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டுப் பாடுகிறது. ஆல்பத்தின் பெயரையே கொண்ட பாட்டின் நீளம் பூஜ்ஜியம் நொடி என்று உறையில் அச்சிடப்பட்டிருந்தது. கலவரம் பற்றிய அந்தப் பாட்டில் கேட்க ஒன்றும் இல்லை.

இதில் இடம்பெற்ற ‘ஃபேமிலி அஃபேர்’ முதலிடம் பிடித்தது. ரிதம் பெட்டியின் தாளத்தில் நாட்டின் உச்சிக்குப் போன மிக முந்திய பாடல்களில் அது ஒன்று. ஒரு தாயின் இரண்டு பிள்ளைகள் இருவேறு வழியில் போவதையும் புதுமணத் தம்பதியின் சந்தேகத்தையும் பாடும் அந்தப் பாட்டில், ஸ்லையும் ரோஸும் தவிரக் குழுவினரைத் தேட வேண்டியிருக்கிறது. கிட்டார் பாபி வோமாக். மின்பியானோ பில்லி பிரெஸ்டன். குடும்பத்தைப் பற்றிய பாட்டு, குடும்பம் கலைந்துகொண்டிருந்தபோது பதிவானது. போராட்டங்களின் நம்பிக்கை தேய்ந்து, தலைவர்களை இழந்து நின்ற ஒரு சமூகத்தின் மனநிலை அந்தக் களைத்த குரலில் இருக்கிறது. போதையின் விளைவு என்று மட்டும் இந்த ஆல்பத்தைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. அரைகுறையாகத் தோன்றும் ஒவ்வோர் ஒலியும் இசை படித்த ஒருவர் தேர்ந்து வைத்த ஒலி.

1972-இல் கிரஹாம் வெளியேறி, கிரஹாம் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற தன் குழுவைத் தொடங்கினார். புதிய டிரம்ஸ் கலைஞர் ஆண்டி நியூமார்க்குடன் 1973-இல் வந்த ‘ஃப்ரெஷ்’ ஆல்பம் ஃபங்க் இசையின் சிறந்த பதிவுகளில் ஒன்று. அதன் பிறகு வேகமாக இறங்குமுகம். 1974 ஜூனில் ஸ்லை நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், ரசிகர்கள் முன்னிலையில், கச்சேரிக்கு நடுவே திருமணம் செய்துகொண்டார். அரங்கு நிறைந்திருந்தது. ஏழே மாதம் கழித்து, 1975 ஜனவரியில், அதே நகரின் ரேடியோ சிட்டி அரங்கில் வாசித்தபோது இருக்கைகளில் எட்டில் ஒரு பங்குதான் நிரம்பியது. குழு அத்தோடு கலைந்தது.

இசை கலையவில்லை. ஹெர்பி ஹான்காக் 1973-இல் தன் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ ஆல்பத்தில் ஒரு ஜாஸ் படைப்புக்கு ‘ஸ்லை’ என்றே பெயரிட்டிருந்தார். ஜார்ஜ் கிளின்டனின் ஃபங்கடெலிக்கும் பிரின்ஸும் இவர்களிடமிருந்து நேரடியாகக் கற்றவர்கள். ஜேனட் ஜாக்சனின் 1989-ஆம் ஆண்டுப் பாட்டான ‘ரிதம் நேஷன்’, ஃபேமிலி ஸ்டோனின் ‘தேங்க் யூ’ பாட்டின் கிட்டார் துணுக்கின்மேல் கட்டப்பட்டது. எரிகோவின் டிரம்ஸ் அடிகளை வெட்டி எடுத்து ராப் பாடல்களுக்கு அடித்தளமாக்கியவர்கள் ஏராளம். 1993-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் குழு இடம்பெற்றது.

ஸ்லையின் பின்வாழ்க்கை போதை, கைது, தலைமறைவு, பணமுடை என்று நீண்டது. பாடல் உரிமைகளை 1980-களில் மைக்கேல் ஜாக்சனுக்கு விற்றார். ராயல்டி பாக்கி வழக்கில் 2015-இல் நடுவர் குழு அவருக்கு 50 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது. ராயல்டி உரிமையை அவர் ஏற்கெனவே ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார் என்ற அடிப்படையில் அதுவும் கைவிட்டுப் போனது. அதே ஆண்டு நவம்பரில் சின்தியா ராபின்சன் காலமானார். ஃபிரெடி வலேஹோவில் தேவாலயப் போதகரானார். ஹார்லெம் விழாவின் படச்சுருள்கள் அரை நூற்றாண்டு கிடப்பில் கிடந்து, 2021-இல் ‘சம்மர் ஆஃப் சோல்’ ஆவணப்படமாகி, பிறகு ஆஸ்கரும் பெற்றபோது, புதிய தலைமுறை இவர்களைக் கண்டது. 2023-இல் ஸ்லையின் தன்வரலாறு வெளியானது. 2025 ஜூன் 9 அன்று தம் 82-ஆம் வயதில் அவர் காலமானார்.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் ‘ஸ்டாண்ட்!’ ஆல்பத்தில் தொடங்கலாம்; அதில்தான் ஏழு பேரும் ஒருசேர ஒலிக்கிறார்கள். ‘ரயட்’ ஆல்பத்தை இரவில், அவசரமில்லாமல் கேட்பது நல்லது. முதல் தடவையில் அது பிடிபடாது. மூன்றாவதாக ‘ஃப்ரெஷ்’. அதன் முதல் பாட்டான ‘இன் டைம்’-இல் ரிதம் பெட்டி ஒருபக்கம் தட்டிக்கொண்டிருக்க, நியூமார்க் அதன் இடைவெளிகளுக்குள் புகுந்து புகுந்து டிரம்ஸ் வாசிக்கிறார்.