கறுப்புத் திரையில் ‘தோட்டம்’

மலேசியாவின் ரந்தாவில் லின்சம் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அந்த ஊர் இருக்கும் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பள்ளிப் பெயர்களில் தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல் மட்டும் போகவில்லை. அப்படியொரு பள்ளியில் தமிழ் கற்ற பிள்ளை, பின்னாளில் லினக்ஸ் கணினியின் முனையத்தில், அதாவது கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில், ‘தோட்டம்’ என்று எழுதினால் சொல் சிதைந்து நிற்கலாம்.

முனையம் பால்மர நிரை போன்றது. நிரைக்கு இத்தனை குழி, குழிக்கு ஒரு கன்று. வரிக்கு 80 எழுத்து என்பது துளையட்டைக் காலத்து வழக்கம். ஆங்கில எழுத்துகள் ஒரே அகலக் கட்டங்களில் ஒழுங்காக அமர்ந்துவிடும். 1984இல் எம்ஐடியில் பிறந்த எக்ஸ்டெர்ம் என்ற முனையம் இன்றும் இப்படித்தான் எழுதுகிறது.

தமிழ் அந்தக் குழிக்குள் அடங்காது. ‘தோட்டம்’ நம் கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோட் முறையில் கணினி சேமிப்பதோ 7 குறியீடுகள். முதலில் தகரம், அதன் பிறகே ஓகாரக் குறி. திரையில் காட்டும்போது இரட்டைக் கொம்பைத் தகரத்துக்கு முன்னும் காலைப் பின்னும் நிறுத்த வேண்டும். எக்ஸ்டெர்ம் அந்த வேலையைச் செய்வதில்லை. எழுத்துருவை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைப்பது இங்கேதான் தவறுகிறது.

ஆனாலும் எழுத்துரு முக்கியம். ‘எஃப்சி-லிஸ்ட்’ கட்டளையோடு தமிழின் மொழிக்குறியைச் சேர்த்து அடித்தால், கணினியில் உள்ள தமிழ் எழுத்துருக்கள் வரிசையாக வரும். எக்ஸ்டெர்மைத் திறக்கும்போது ‘எஃப்ஏ’ என்ற குறிக்குப் பின் எழுத்துருவின் பெயரும், ‘எஃப்எஸ்’ குறிக்குப் பின் அளவும் தரலாம். அது அந்தச் சாளரத்துக்கு மட்டும். குனோம் திரைச்சூழலில் ‘ஜிசெட்டிங்ஸ்’ கட்டளையால் ஒருமுறை மாற்றினால் நிலைத்து நிற்கும். தேஜாவு சான்ஸ் மோனோ போன்ற சம அகல எழுத்துருவில் தமிழ் கிடையாது; கணினி நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற வேறொன்றிலிருந்து இரவல் வாங்கும். அகலம் பொருந்தாமல் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது அதனால்தான்.

கணினித் தமிழுக்கு மலேசியா புதிய இடமல்ல. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கியது இங்கேதான். ஆப்பிள் கணினிகளில் வரும் இணைமதி, தமிழ் சங்கம் எம்என் எழுத்துருக்களும் அவர் வடித்தவை. இத்தனை அழகான எழுத்துக்கு முனையத்தில் இடமில்லாமல் போவது வருத்தம் தருகிறது. இந்திய மொழி எழுத்துகளையும் மனத்தில் வைத்து உருவான எம்எல்டெர்ம் என்ற முனையத்தை நிறுவி, தமிழ் எழுத்துருவைக் கொடுத்துப் பார்க்கலாம். கொம்பு முன்னே வரும், கால் பின்னே நிற்கும்.