நோட்டு, புத்தகம், அப்புறம் மேக்ஸிமா

முதலாண்டு பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்ததும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது, "சார், கால்குலஸுக்கு எந்த புக் வாங்கலாம்? எந்த ஆப் போடலாம்?"

புத்தகத்துக்கு முதலில் பதில் சொல்வேன். நம் கல்லூரிகளில் அண்ணனிடமிருந்து தம்பிக்குக் கைமாறி வரும் நாராயணன், மாணிக்கவாசகம் பிள்ளை நூல் கையில் இருக்கட்டும். தேர்வுக்கு வேண்டிய கணக்குகள் அதில் ஏராளம். ஆனால் வகைக்கெழு என்பது உண்மையில் என்ன என்று தவிக்கிற பிள்ளைக்கு அது மட்டும் போதாது. அவர்களுக்கு சில்வானஸ் தாம்சன் 1910இல் எழுதிய 'கால்குலஸ் மேட் ஈஸி'யைச் சொல்வேன். பயந்து வருகிறவரிடம் அவர் எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் பேசுகிறார். ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்கில் இலவசமாகவே கிடைக்கிறது. படங்களோடு விரிவாகப் படிக்க ஓப்பன்ஸ்டாக்ஸின் மூன்று தொகுதிகள் உண்டு. அவையும் இணையத்தில் இலவசம். ஸ்பிவாக்கின் நூல் அருமையானது, ஆனால் நிரூபணத்தில் ருசி கண்ட பிறகு எடுத்தால் போதும். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் பிளஸ் டூ கணித நூலைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஆங்கில நூல் திணறடிக்கும் இடத்தில் அதே பாடத்தை அதில் பார்க்கலாம்.

ஃபோட்டோ எடுத்தால் படிப்படியாக விடை எழுதித் தரும் ஆப்கள் முதல் செமஸ்டரில் வேண்டவே வேண்டாம். தடுமாறிக் கண்டுபிடிக்க வேண்டிய அடுத்த படியை அவை பறித்துக்கொள்கின்றன. தேர்வறையில் அந்த இடத்தில்தான் பேனா நிற்கும்.

ஜியோஜீப்ரா அப்படியல்ல. பள்ளிப் பாடநூலின் இணையச் செயல்பாட்டில் பலரும் பார்த்ததுதான். வளைவரை ஒன்றை வரைந்து, அதன்மேல் ஒரு புள்ளி வைத்து, தொடுகோடு போட்டு, புள்ளியை விரலால் நகர்த்துங்கள். சாய்வு மாறுவது கண்முன்னே தெரியும்.

நோட்டில் போட்ட கணக்கைச் சரிபார்க்க மேக்ஸிமா நல்லது. 1960களில் எம்.ஐ.டி.யில் பிறந்த மேக்சைமாவின் (Macsyma) வழிவந்த இலவச மென்பொருள் அது. சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் பெருக்கலைத் தொகையிட்டுவிட்டு ஒரு மாணவி வந்தாள்: "சார், எனக்கு சைன் ஸ்கொயரில் பாதி வந்தது. இது மைனஸ் காஸ் ஸ்கொயரில் பாதி என்கிறது. எது தப்பு?"

இரண்டும் சரி. மேக்ஸிமா மாறிலி 'சி'யை எழுதுவதில்லை. இரண்டையும் ஜியோஜீப்ராவில் வரையச் சொன்னேன். ஒரே வளைவரை, சரியாக அரை அலகு மேலே ஏறி நின்றது. எந்த இடத்தில் தொடுகோடு போட்டாலும் சாய்வு ஒன்றுதான்.